கூரையில் விட்ட இடம்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். துணி வெட்டும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. நீளமான மேஜைமேல் அடுக்கடுக்காகத் துணியை விரித்து, அதன்மேல் கை, கழுத்து, முதுகு, பை என்று அட்டை வடிவங்களைப் பரப்பி, எதை எப்படித் திருப்பி வைத்தால் துணி மிச்சமாகும் என்று பார்ப்பது அவள் வேலை. மற்றவர்களின் மேஜைக்கடியில் கூடை கூடையாகக் கழிவு விழும். அவள் மேஜைக்கடியில் கூட்டுகிறவளுக்கு வேலையே இருக்காது. "மாஸ்டரம்மா டேபிள்ல பொம்மைக்குச் சட்டை தைக்கக்கூடத் துண்டு விழாது" என்று கூட்டுகிறவள் குறைப்பட்டுக்கொள்வாள். மாஸ்டரம்மா காதில் விழாத மாதிரி நகர்ந்துபோய் உள்ளுக்குள் பூரித்துக்கொள்வாள்.

அந்த வேலையில் அவளுக்குப் பிடிக்காதது சத்தம் ஒன்றுதான். பக்கத்து ஹாலில் வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள், தலைக்கு மேல் மின்விசிறிகள், கையில் பிடித்த வெட்டும் மெஷினின் கரகரப்பு. வீட்டுக்கு வந்து தலை சாய்த்த பிறகும் அந்த இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்றதும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவர்களிடம், "சத்தமே இல்லாத இடமாப் பார்த்துச் சும்மா உட்காரப்போறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு அவளும் கணவரும் ஒரு வீட்டுவண்டி வாங்கினார்கள். பழைய வண்டிதான். பின்னால் ஒரு கட்டில், நடுவில் அடுப்பும் தொட்டியும், சின்னக் குளிர்பெட்டி, மடக்கினால் மேஜை, விரித்தால் பெஞ்சு. கணவர் வாழ்நாள் முழுக்கத் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவர் டிரைவர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். பயணிகளே இல்லாமல் ஒரு வண்டியை ஓட்டுவது தனக்குக் கிடைத்த சொர்க்கம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிரைவருக்கு ஒரு கோளாறு உண்டு. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வரும். அதனால் முகத்தில் மாட்டிக்கொள்ளும் முகமூடியும், அதற்குள் காற்றை ஊதும் சின்ன மெஷினும் இல்லாமல் அவர் படுக்கக் கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. மெஷின் ஓட மின்சாரம் வேண்டும். வண்டியில் அதற்கென்று இன்ஜின் பேட்டரி அல்லாமல் தனியாக நான்கு பேட்டரிகள் இருந்தன. விளக்கு, குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார், மெஷின் எல்லாம் அதில்தான் ஓடின. வீட்டு பேட்டரி என்று அதற்குப் பெயர்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. அடுத்த வருடம், ஆளரவமில்லாத ஏரிக்கரை ஒன்றில் வண்டியை நிறுத்தியிருந்தபோது, விடிவதற்குள் மெஷின் நின்றுபோனது. டிரைவர் திணறி எழுந்து, முகமூடியைப் பிய்த்தெறிந்து, வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். மாஸ்டரம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் வந்ததும் வண்டியை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு டிரைவர் பிளக் இருக்கும் இடத்தில்தான் வண்டியை நிறுத்துவேன் என்றார். பிளக் இருக்கும் இடம் என்றால் கட்டணம் கட்டி நிறுத்தும் முகாம். பக்கத்து வண்டியில் தொலைக்காட்சி, அதற்கடுத்த வண்டியில் பாட்டு, எதிரில் குழந்தைகளின் பந்து. "இதுக்கு நான் ஃபேக்டரிலயே இருந்திருப்பேனே" என்றாள் மாஸ்டரம்மா.

"அப்ப வித்துடலாம்" என்றார் டிரைவர், ஒரு சாயங்காலம், வெறுமையான குரலில். "மூச்சு முட்டி எழுந்திருக்கிற பயம் உனக்குப் புரியாதும்மா. எனக்குப் படுக்கவே பயமா இருக்கு."

அவர் அப்படிச் சொன்னதுதான் தாமதம், அவருடைய தம்பி வந்து நின்றார். செல்போன் பழுது பார்ப்பவர். இந்த வண்டி கிடைத்தால் உள்ளே மேஜை போட்டு நடமாடும் கடையாக்கிவிடலாம் என்று அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"அண்ணி, உங்களுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கித் தரட்டுமா? சின்னதுதான். பட்டன் அழுத்தினா போதும்."

"அது சத்தம் போடுமா?"

"ஜெனரேட்டர்னா சத்தம் போடாம பின்ன பாட்டா பாடும்?"

"அப்ப வேண்டாம்."

"அப்ப வண்டியை எங்கிட்ட குடுத்துடுங்க. நான் சத்தம் போடாம எடுத்துட்டுப் போயிடுறேன்."

டிரைவர்கூடச் சிரித்துவிட்டார். மாஸ்டரம்மா மட்டும் கணவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "மாசக் கடைசி வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. பேட்டரியை மாத்துறேன். அந்த ஏரிக்கரைல பிளக் இல்லாம மூணு ராத்திரி. மெஷின் ஒரு தடவை நின்னாலும் வண்டி தம்பிக்கு. நிக்கலைன்னா இந்தப் பேச்சே கூடாது."

டிரைவர் யோசித்தார். அந்த இடத்துக்கே மறுபடி போக வேண்டுமா என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில், "சரி" என்றார்.

"சாட்சிக்கு நானும் வரேன். கூடாரம் இருக்கு" என்றார் தம்பி.

*

எத்தனை சட்டை என்று தெரியாமல் துணி வாங்கக் கூடாது என்பது மாஸ்டரம்மாவின் தொழில் பழக்கம். கடைக்குப் போவதற்கு முன்பு, பிளக்கில் செருகினால் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிவந்து, வீட்டிலேயே எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்தாள். குளிர்பெட்டிதான் பெரிய தீனிக்காரன் என்று நினைத்திருந்தாள். பார்த்தால், மூச்சு மெஷினோடு ஒட்டியிருந்த தண்ணீர்ச் சூடாக்கிதான் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டிருந்தது. ஊதும் காற்று மூக்கைக் காயவைக்காமல் ஈரப்படுத்துவதற்கு அது. அதைப் பாதிக்கு இறக்கினால் பரவாயில்லையா என்று மருத்துவரிடமே போய்க் கேட்டாள். தாராளமாக இறக்கலாம் என்றார் அவர். டிரைவர் அன்றே இறக்கிப் படுத்துப் பார்த்தார். வித்தியாசமே தெரியவில்லை.

"இத்தனை நாளா மூக்குக்கு வெந்நீர் வெச்சுக் குளிப்பாட்டியிருக்கோம்" என்றார் காலையில்.

பேட்டரி கடைக்காரர் பழைய மாதிரியே நான்கு ஆசிட் பேட்டரி போடச் சொன்னார். போட்டுப் பழகியது, விலையும் தோது என்பது அவர் கட்சி. மாஸ்டரம்மா யோசித்துச் சொல்வதாகக் கிளம்பி, நேராக மின்னலிடம் போனாள்.

மின்னல் என்பது வண்டிகளுக்கு மின்வேலை செய்பவரின் பட்டப்பெயர். அந்த வட்டாரத்தில் அவரைவிட நிதானமாக நடக்கிற ஆள் கிடையாது. அவர் ஒரு திருகாணியைக் கழற்றுவதற்குள் மழை வந்து, பெய்து, விட்டுவிடும் என்பார்கள். ஆனால் அவர் முடுக்கிய திருகாணி மறுபடி கழன்றதாகச் சரித்திரம் இல்லை. அவர் பழைய பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார்.

"அண்ணே, ராத்திரி முழுக்க ஓட்டிக் காலையில ஒட்ட வறண்டு போகவிடுவீங்களோ?"

"ஆமா. இருக்கிறதை முழுசா உபயோகிக்கணும் இல்லையா?"

டிரைவர் பேருந்து ஓட்டிய காலத்திலும் அப்படித்தான். டிப்போவுக்குள் நுழையும்போது டேங்க் காய்ந்திருந்தால்தான் அவருக்கு அன்றைய வேலையைச் சரியாக முடித்த திருப்தி.

"டீசல் டேங்க்னா சரி. ஆசிட் பேட்டரி அப்படி இல்லண்ணே. பாதிக்கு மேல அள்ளினா ஒவ்வொரு தடவையும் அதோட ஆயுசு குறையும். நீங்க தினமும் அடிவரைக்கும் சுரண்டியிருக்கீங்க."

டிரைவர் தாடையைச் சொறிந்தார். "அப்ப கொலை பண்ணினது நான்தானா?"

"தெரியாம பண்ணினதுக்குத் தண்டனை இல்ல" என்றாள் மாஸ்டரம்மா. "லித்தியம் எப்படி, மின்னலு?"

லித்தியம் பேட்டரியை ஏறக்குறைய அடிவரைக்கும் அள்ளலாம், எடையும் பாதிக்குக் கீழே, ஆனால் விறைக்கிற குளிரில் அதற்குள் மின்சாரம் ஏற்றக் கூடாது என்றார் மின்னல். பழைய சார்ஜரும் ஒத்துவராது, மாற்ற வேண்டும். வாங்கும்போது வலிக்கும்.

மாஸ்டரம்மா அன்று பூராவும் கணக்குப் போட்டாள். நான்கு ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் தொட முடியும் என்றால், மீதிப் பாதி சும்மா சுமந்துகொண்டு போவதற்கு. வெட்டவே போகாத துணியை மேஜைமேல் விரித்துவைத்த மாதிரி. அதை அவளால் சகிக்க முடியவில்லை. இரண்டு லித்தியம் பேட்டரிகள் என்று முடிவு செய்தாள். வெளிப்புறப் பெட்டியில் வைக்காமல் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். "நாம உள்ள கதகதப்பாத் தூங்குறப்ப அதுவும் தூங்கட்டும்" என்றாள். மின்னல் தலையை மெதுவாக, மிக மெதுவாக ஆட்டினார்.

*

பிளக் இல்லாமல் பேட்டரியை நிரப்ப வெயில்தான் வழி; சோலார் பேனல் வைக்கக் கூரையைப் பார்க்க வேண்டும். கூரையில் நடுவே ஏசி பெட்டி புடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு காற்று ஜன்னல், பின்னால் இன்னொன்று, ஓரத்தில் ஆன்டெனா. பார்த்ததும் மின்னல் சொன்னார்: "மூணு பேனல் வைக்கலாம். தாராளமா நடக்க இடம் இருக்கும்."

மாஸ்டரம்மாவுக்கு மூன்று போதவில்லை. மறுநாள் பழுப்புக் காகிதத்தில் பேனல் அளவுக்கு வடிவங்கள் வெட்டி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். முட்டி போட்டுத் தவழ்ந்து, ஒன்றை நீளவாக்கில், ஒன்றைக் குறுக்கே, இதைத் திருப்பி, அதை நகர்த்தி, பறக்காமல் இருக்கச் செருப்பை வைத்து, வேலைக்குப் போன நாட்களில் இருந்த அதே முகத்தோடு அரைநாள் அங்கேயே கிடந்தாள். தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உங்க வீட்டம்மா வண்டிக்குச் சட்டை தைக்கிறாங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் டிரைவரைக் கேட்டார்.

"அளவு எடுக்கிறா. பட்டன் எங்கே வைக்கிறதுன்னுதான் குழப்பம்."

அவள் இறங்கி வந்தபோது கூரையில் ஐந்து காகிதங்கள் பொருந்தியிருந்தன. மின்னல் ஏறிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மாஸ்டரம்மா, இந்த ரெண்டும் பெட்டியை ஒட்டி இருக்கு. நிழல் விழும்."

"விழட்டும். விழுகிற இடத்துல கொஞ்சம் குறையும். மத்ததெல்லாம் லாபம்தானே?"

"எனக்கு அப்படித் தோணலை" என்றார் மின்னல். ஆனால் அவள் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து, பேனல்களை அவள் சொன்ன இடங்களிலேயே பொருத்தி, ஐந்தையும் ஒன்றோடொன்று ஒரே வரிசையாகக் கோத்துவிட்டுப் போனார். ஒட்டுவேலை மாதிரி இடைவெளியே இல்லாமல் கூரை பளபளத்தது. கூட்டுகிறவள் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள்.

நல்ல வெயில் நாள் ஒன்றில், பேட்டரியைப் பாதி இறக்கிவிட்டு, எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். உள்ளே சுவரில் பொருத்தியிருந்த சின்னத் திரை எண்ணைக் காட்டும். சாயங்காலம்வரை பார்த்தும், ஐந்து பேனல்கள் தர வேண்டியதில் பாதிகூடத் தேறவில்லை.

தம்பி எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார். கையில் அளவு நாடா வேறு. வண்டிக்குள் போய்ச் சுவரை அளந்தார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"சும்மாதான் அண்ணி. அலமாரி எவ்வளவு நீளம் வரும்னு."

அன்று மாலை டிரைவர் வண்டியிலிருந்த தன் போர்வையையும் துண்டையும் எடுத்து மடித்து வீட்டுக்குள் கொண்டுபோனதை மாஸ்டரம்மா பார்த்தாள். தம்பி அளவு நாடாவோடு நின்றது அவளுக்கு உறைக்கவில்லை. இதுதான் உறைத்தது.

மறுநாள் காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டாள். நிழல் எங்கே விழுகிறது, எப்படி நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காலையில் பெட்டியின் நிழல் ஒரு பேனலின் மூலையில் நாக்கு நீட்டியது. மதியத்துக்குப் பிறகு எதிர்ப்புறத்துப் பேனலின்மேல் படர்ந்தது. ஆக, நாளெல்லாம் ஏதாவது ஒன்றின்மேல் நிழல்.

நிழலே இல்லாத பேனல் ஒன்றின் ஓரத்தில் விரித்த குடையைக் கவிழ்த்துவைத்தாள்.

"என்னங்க, உள்ள நம்பர் என்ன ஆச்சு?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். "சடார்னு விழுந்துடுச்சு. என்ன பண்ணினே?"

"ஒரு ஓரத்தைத்தான் மறைச்சேன். எடுத்துட்டேன், இப்ப?"

"ஏறுது."

குடையை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். அவர் கீழேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு பேனலின் ஓரத்தை மறைத்தால் குறைவது அந்த ஓரம் மட்டும் இல்லை, வரிசையே சுணங்குகிறது. அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி விளங்கியது. துணியில் ஒரு துண்டு கறைபட்டிருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கலாம், மீதித் துணிக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அப்படி இல்லை. ஒரே கயிற்றில் கட்டி நடப்பவர்களில் ஒருவர் நொண்டினால் மற்றவர்களும் அவர் வேகத்துக்குத்தான் நடக்க வேண்டும்.

மின்னலை வரவழைத்தாள். அவர் வந்து சேர்ந்தார்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் கேட்கலை. பெட்டிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறதை எடுத்துடுங்க."

"உறுதியாவா?"

"கையைப் புடிச்சு நிறுத்திடாதீங்க. மனசு மாறிடும்."

இரண்டு பேனல்களும் இறங்கின. கூரையில் அந்த இரண்டு இடங்களும் வெறுமையாகக் கிடந்தன. புதுத்துணியைத் தரையில் போட்டு மிதித்த மாதிரி அவளுக்கு இருந்தது. பார்க்கவே கூடாது என்று திரும்பி நின்றுகொண்டாள்.

உள்ளேயிருந்து டிரைவர், "இங்க வந்து பாரேன்" என்றார்.

திரையில் இருந்த எண், ஐந்து பேனல்கள் இருந்தபோது வந்ததைவிட நன்றாகவே மேலே நின்றது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நின்றது நின்றபடி இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வெட்டாமல் விட்ட துணி அவளுக்கு லாபம் காட்டியது.

"மீந்த ரெண்டை என்ன பண்றது?" என்றார் டிரைவர்.

ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் மின்னல். மற்றதைக் கூரையோடு சேர்க்காமல், தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் நீளக் கம்பியும் போட்டுக் கையோடு வைத்துக்கொண்டால், வண்டி மரநிழலில் நின்றாலும் அதை மட்டும் வெயிலில் கொண்டுபோய் வைக்கலாம்.

"அதைத் திருப்பி வைக்கிற வேலை எனக்கு" என்றார் டிரைவர். அன்று மாலை போர்வை வண்டிக்குத் திரும்பியது.

*

ஏரிக்கரையில் அவர்கள் வண்டியைத் தவிர, தம்பியின் காரும் கூடாரமும் மட்டும்தான். முதல் நாள் வெயில் கொளுத்தியது. டிரைவர் கையில் பேனலைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அப்பா மாதிரி, வெயில் நகர நகர இடம் மாற்றினார். சாயங்காலம் பேட்டரி நிரம்பி வழிந்தது.

முதல் ராத்திரி அவர் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்தாள். "மாட்டுங்க" என்றாள். மாட்டிக்கொண்டார். காலையில் வெயில் முகத்தில் அடித்துத்தான் எழுந்தார்.

இரண்டாம் நாள் மேகம் வந்தது. மூன்றாம் நாள் தூறல். திரையில் எண் முனகிக்கொண்டு நகர்ந்தது. தம்பி குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"அண்ணி, இன்னிக்கு வானம் நம்ம கட்சி."

"பார்ப்போம் தம்பி."

அவள் பதறவில்லை. மழை வரும் என்று கணக்கில் வைத்துத்தானே பேட்டரி வாங்கினாள். குளிர்பெட்டியை ஒரு படி குறைத்தாள். சாயங்காலம் திரையைப் பார்த்தாள். மனதுக்குள் ஒரு முறை கூட்டிக் கழித்தாள். போதும், அதற்கு மேலும் இருக்கிறது என்று தெரிந்ததும் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். அன்றைக்கு அவள் தூங்கினாள், நன்றாகவே தூங்கினாள்.

எழுந்தபோது தூறல் விட்டிருந்தது. ஏரியில் ஓர் அலைகூட இல்லை. எங்கோ ஒரு பறவை ஒருமுறை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. பக்கத்தில் மெஷின் மெல்ல ஊதிக்கொண்டிருந்தது; டிரைவரின் மார்பு சீராக ஏறி இறங்கியது. அவள் துண்டை எடுத்துப் பார்த்தாள். பேட்டரியில் இன்னும் ஒரு ராத்திரிக்கு மேலேயே மிச்சம் இருந்தது. அவரை எழுப்பாமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். காதுக்குள் எந்த மெஷினும் ஓடவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

தம்பி கூடாரத்திலிருந்து வந்தார். முடி கலைந்திருந்தது, ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு. கையில் செல்போன்.

"அண்ணி, ராத்திரி..."

"நிக்கலை."

"ஒரு தடவைகூட?"

"அண்ணன் இன்னும் தூங்குறார். கேளுங்க."

தம்பி காது கொடுத்துக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி, அலமாரி மேட்டர் முடிஞ்சுது." கொஞ்சம் தயங்கினார். "அண்ணி, போன் செத்துப்போச்சு. காரிலயும் சார்ஜ் வயர் இல்ல. கொஞ்சம் போட்டுக்கலாமா?"

"செல்போன் ரிப்பேர்காரர் எங்கிட்டயா கேட்கிறீங்க?"

"கேட்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துட்டீங்க, என்ன பண்றது."

அவள் இடம் விட்டு நகர்ந்தாள். "உள்ள கட்டில் பக்கத்துல பிளக் இருக்கு. அவரை எழுப்பிடாதீங்க."

மதியம் மூட்டை கட்டினார்கள். தம்பியின் கார் முன்னால் போய், ஊர்ப் பக்கம் திரும்பி, கையசைத்து மறைந்தது. டிரைவர் கூட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தினார். பின்னால் ஒருவரும் இல்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது பக்கம் போனா வீடு."

"வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும். நீ மத்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாரு."

மாஸ்டரம்மா வரைபடத்தை விரித்தாள். மற்ற பக்கத்தில் மலைச்சாலை ஒன்று வளைந்து வளைந்து போனது. அதன் நெடுகிலும் பிளக் இருக்கும் முகாம் எதையும் குறித்திருக்கவில்லை. அதை அவரிடம் சொன்னாள்.

"ரொம்ப நல்லது" என்று சொல்லி டிரைவர் வண்டியை வலது பக்கம் திருப்பினார்.